தேரில் இரண்டு பேர்

குன்றாண்டார்கோவில் குடைவரை முன்னால், சக்கரமும் குதிரையுமாக ஒரு கல்தேர் மண்டபம். பழைய போர்த்தேரில் சாரதி ஒருத்தர், வில்லாளி வேறொருத்தர் இல்லையா? முதல் உலகப்போர்த் தொடக்கத்தில் ஜெர்மன் விமானங்களிலும் இதே கதைதான். பார்வையாளர்தான் அதிகாரி; எதிரி எங்கே, பீரங்கிக் குண்டு எங்கே விழுகிறது என்று பார்ப்பவர். ஓட்டுபவர் பெரும்பாலும் அவருக்குக் கீழ்ப்பட்டவர், சாரதி மாதிரி! ரிக்டோஃபன்கூட 1915ல் முதலில் பார்வையாளராகத்தான் பறந்தார். முன்னோக்கிச் சுடும் இயந்திரத் துப்பாக்கி வந்தபிறகு, தனியாகப் பறந்த விமானி நாயகனாகிவிட்டார்.

கடலுக்கு மேல் அந்த இருக்கை காலியாகவே இல்லை. 1971ல் விக்ராந்திலிருந்து பறந்த அலிஸே விமானத்தில் மூன்று பேர், ஓட்டியவர் ஒருவர்தான். 2020ல் கொச்சியில் பயிற்சி முடித்து, போர்க்கப்பல் ஹெலிகாப்டர்களுக்குத் தேர்வான குமுதினி தியாகி, ரித்தி சிங் இருவரும் பார்வையாளர்களே. நானும் அன்று 'பெண் பைலட்' என்றுதான் நினைத்துக்கொண்டேன்.