அல்சூர் ஏரியும் புட்டிக் கசடும்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் குடியிருக்கும் நம்மவர்க்கு அல்சூர் ஏரி தொலைவன்று. பதினெட்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009-ஆம் ஆண்டு அதன் அருகே திறக்கப்பெற்றபோது நாம் அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று. அதே ஏரியில் 2016 மார்ச்சு மாதம் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. சாக்கடை கலந்த நீரில் பிராணவாயு குன்றியதே காரணம் எனப்பட்டது.

நீரில் அழுக்கு மிகுந்தால் அதை உண்ணும் கிருமிகள் பெருகி, மீனுக்குரிய பிராணவாயுவையும் தாமே எடுத்துக்கொள்ளும். நீரைப் புட்டியில் அடைத்து, ஐந்து நாளில் எவ்வளவு பிராணவாயு குறைகிறது என்று அளந்தால் அழுக்கின் அளவு தெரிந்துவிடும். இச்சோதனையை ஒட்டியே பிரிட்டிஷ் அரச ஆணைக்குழு 1912-இல் கழிவுநீருக்கு வரம்பு கட்டியது.

அத்தகைய கிருமிகளையே வேலைக்காரர்களாக்கலாம் என்று கண்டவர்களுள் கில்பர்ட் ஃபௌலர் ஒருவர். மான்செஸ்டரில் பணிபுரிந்த இவர், 1912-இல் அமெரிக்காவின் லாரன்ஸ் நகரில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் சோதனையைப் பார்த்து வந்து, அதனைத் தொடருமாறு ஆர்டெர்ன், லாக்கெட் என்னும் இருவரைத் தூண்டினார். முதலில் நீர் தெளிய ஐந்து வாரம் ஆயிற்று. அடியில் தங்கிய கசடைக் கொட்டிவிடாமல் அதன்மேலேயே புது நீரை ஊற்றிக் காற்றைச் செலுத்தினர். மீண்டும் மீண்டும் இவ்வாறு செய்யவே, ஒரே நாளில் நீர் தெளிந்தது. பழைய மோரை உறையாக வைத்துக்கொள்ளும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதில் வியப்பு இராது!

1914 ஏப்ரலில் இருவரும் இதனை ஒளிக்காமல் வெளியிட்டனர். ஆனால் காப்புரிமை வேறிடத்தில் இருந்தது. ஜோன்ஸ்–அட்வுட் என்னும் ஆங்கிலக் கம்பெனி பெற்ற உரிமைகளைக் கொண்டு அமெரிக்காவில் வழக்குத் தொடுக்கப்பட்டு, மில்வாக்கி நகரம் 1930-களில் தோற்றது. ஊர்ச் சாக்கடையைத் தூய்மை செய்த குற்றத்துக்கு ஊரார் பணம் கட்டவேண்டுமா என்று நமக்குத் தோன்றுகிறது. சட்டம் வேறு கணக்குப் போட்டது.

ஃபௌலரோ 1916-இல் பெங்களூர் வந்து, இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியரானார். கழிவிலுள்ள நைட்ரஜனை வயலுக்கு மீட்பது அவருடைய பெருங்கவலை. 1934-இல் நைட்ரஜன் பேணுதலைக் குறித்து ஒரு நூலே வெளியிட்டார்.

அவர் எதிர்பாராத இன்னொரு பொருளும் அக்கசடில் இருந்தது. உணவு மிகுந்து நைட்ரஜன் குறையும் காலத்தில் சில கிருமிகள், சிறுவாடு சேர்ப்பதுபோல், உடலுக்குள் ஒரு பொருளைச் சேர்க்கின்றன. பாரிஸில் லெமோய்ன் 1926-இல் கண்ட அப்பொருள் உண்மையில் பிளாஸ்டிக்கே. அதைத் தாளாக இழுக்கலாம். மண்ணிலிட்டால் வேறு கிருமிகள் தின்றுவிடும். 1974-இல் அதன் இனத்தைச் சேர்ந்த பொருளைச் சாக்கடைக் கசடிலிருந்தே பிரித்தெடுத்துக் காட்டினர்.

பிறகு காப்புரிமைகள் பல எழுந்தன. எனினும் அத்தாள் எளிதில் முறிகிறது. பெட்ரோலியம் வழிவந்த பிளாஸ்டிக்கைவிட விலையும் மிகுதி. மட்காத மெல்லிய பையோ இன்றும் மழைநீரோடு ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது.