துஞ்சாத கண்கள்

செவிலி என்பது நம் மொழியின் பழஞ்சொற்களுள் ஒன்று. தொல்காப்பியம் அறிந்த சொல். சங்கச் சான்றோர் பாடிய சொல். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலித்தாய். தான் வளர்த்த செல்வி காதலனுடன் சென்றுவிட்டாள் என்றறிந்ததும், சுடும் பாலைவழியிலே கால் கடுக்க நடந்து தேடிச் செல்பவள் அந்தச் செவிலியே! தலைவியின் உயிர்த்தோழியும் அவள் பெற்ற மகளே. இரவிலே காதலர் சந்திக்க நேரும் இடையூறுகளை அடுக்கும் அகப்பாடல்கள், ஊர் துஞ்சாமை, காவலர் துஞ்சாமை, நாய் துஞ்சாமை என்பவற்றோடு தாய் துஞ்சாமையையும் சேர்த்துக் கூறுகின்றன. வீடு உறங்கினாலும், வீட்டின் தாய் உறங்குவதில்லை என்பது பண்டைத் தமிழர் கண்ட உண்மை.

உறவுப் பெயராக இருந்த அச்சொல்லைத்தான், மருத்துவமனையில் நோயாளரைப் பேணும் பெண்ணுக்குச் சூட்டினோம். ஊரார் நர்சு என்பர், ஏட்டில் செவிலியர். பொருத்தமான பெயர்தான். பெயரை அளித்த நாம், அதற்குரிய பெருமையை அளித்தோமா? சங்கம் வளர்த்ததாகப் புகழப்படும் மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் சான்றாகக் கொண்டு, பிள்ளை பெற்றவளையும் பிறந்த குழவியையும் இரவு முழுவதும் காக்கும் செவிலியின் வரலாற்றைச் சிறிது புரட்டுவோம்.

குழந்தை பிறந்ததும் இடுக்கண் தீர்ந்தது என்று எண்ணுகிறோம். சர்க்கரை வழங்குகிறோம், உறவினர்க்குச் செய்தி அனுப்புகிறோம். அந்த நேரத்தில்தான் செவிலியின் கவலை தொடங்குகிறது. பேற்றுக்குப் பின்னர் கருப்பை சுருங்கி இறுக வேண்டும். இறுகாவிடில் குருதி பெருகும். 500 மில்லி லிட்டருக்கு மேல் போனால் அது மிகைப்போக்கு என்பது மருத்துவக் கணக்கு. வலியில்லை, கூச்சலில்லை; களைத்த தாய் உறங்குவது போலவே கிடப்பாள்; உயிர் மட்டும் துணிக்குள் வடிந்துகொண்டிருக்கும். இத்தகைய சாவுகளில் பெரும்பகுதி, பிள்ளை பிறந்த முதல் 24 மணி நேரத்திற்குள் நேர்வன. அடிவயிற்றிலே கைவைத்துப் பார்த்து, "இது உறக்கமல்ல, ஆபத்து" என்று அறிய ஒருத்தி விழித்திருக்க வேண்டும். குழவிக்கோ மூச்சு சீராக வேண்டும். உடல் குளிரக் கூடாது. ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் சேர வேண்டும். இவற்றுள் எதுவும் பொழுது விடியட்டும் என்று காத்திராது.

இத்தனை நுட்பமான வேளையை நம் முன்னோர் எப்படி நடத்தினர்? தாய்மையைப் போற்றினர், ஏட்டில்! தாயானவளையோ தீட்டு என்று சொல்லி, காற்றும் ஒளியும் புகாத மூலையில் ஒதுக்கினர். அவளைத் தொட்டுப் பேறு பார்க்க ஊரின் மருத்துவச்சி வருவாள். தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கம் பெற்றவள். பல உயிர்களைக் காத்தவள். ஆனால், தீட்டைத் தொட்டவள் என்று அவளையும் தாழ்த்தி வைத்தது சாதிமுறை. வாசலில் படி நெல்லும் பழம்புடவையும் கொடுத்து அனுப்பினார்களே தவிர, அவளுக்கு ஓர் எழுத்தேனும் கற்பித்தவர் யார்? பிள்ளையை ஏந்திய கை தாழ்ந்த கை. பிள்ளைக்குச் சாதகம் கணித்த கை உயர்ந்த கை! இதுதான் அன்றைய நீதி.

படிப்பை மறுத்த இடத்தில் பழக்கம் அரசோச்சியது. கொப்பூழ்க்கொடியை அறுத்த புண்ணிலே சாம்பலும் சாணமும் பூசினர். சில நாளில் குழவி வில்லாய் வளைந்து வலிப்பில் மாண்டது. இரணஜன்னிக் கிருமி செய்த கொலை அது. பேயின் வேலை என்றனர், மந்திரித்தனர், கயிறு கட்டினர். முதலில் சுரக்கும் சீம்பால், நோயைத் தடுக்கும் ஆற்றல் நிறைந்த அமுதம். அதைக் கெட்ட பால் என்று பீய்ச்சி எறிந்துவிட்டு, சேனை என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரை நாவில் தடவினர். அன்பில்லாமல் செய்தவை அல்ல இவை. அறிவு மறுக்கப்பட்டதால் செய்தவை.

மடமை நம் நாட்டின் தனியுடைமை என்று நினைத்துவிட வேண்டாம். வியன்னா நகரின் பெருமருத்துவமனையில் இரு பேற்றுக்கூடங்கள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர் பேறு பார்த்தனர், மற்றொன்றில் மருத்துவச்சியர். மாணவர் கூடத்தில் பேறுகாலக் காய்ச்சலால் தாய்மார் மாண்டனர். மருத்துவச்சியர் கூடத்தில் சாவு குறைவு. மருத்துவச்சியரிடமே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கருவுற்ற பெண்கள் மன்றாடினராம்! செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காரணத்தைத் தேடினார். பிணத்தை அறுத்துப் பார்த்த கையோடு மாணவர்கள் தாய்மாரைத் தொட்டதே காரணம் என்று கண்டார். 1847 மே மாதம், குளோரின் நீரில் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று கட்டளையிட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 என்றிருந்த சாவு, ஜூனில் நூற்றுக்கு 2 அளவுக்கு வீழ்ந்தது. அவரைப் பாராட்டினரா? பெரிய மருத்துவர்களின் கையா அழுக்கு என்று சீறினர். 1865இல் மனநோய் விடுதியிலே மறைந்தார் அந்த மேதை.

கிரிமியப் போரிலே விளக்கேந்திய நங்கை என்று புகழ்பெற்ற ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலும் இந்தத் துயரை அறிந்தவரே. லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவச்சியரைப் பயிற்றுவிக்க அவர் ஏற்பாடு செய்த பேற்றுக்கூடம், அதே காய்ச்சலின் காரணமாக 1867இல் மூடப்பட்டது. அவர் கண்ணீரோடு நின்றுவிடவில்லை, கணக்கெடுத்தார். பேற்றில்லங்களில் நேரும் சாவுகளை ஆராய்ந்து 1871இல் நூல் வெளியிட்டார். செவிலியின் தொழில் இரக்கத்தில் தொடங்கலாம். அறிவில்தான் நிலைபெற முடியும் என்பதற்கு அதுவே சான்று.

அந்த அறிவு தமிழகத்துக்கு வந்தது. சென்னையில் 1844இல் பேற்று மருத்துவமனை தோன்றியது. 1854இல் மருத்துவச்சியர்க்குப் பயிற்சி தொடங்கியது. மதுரையிலோ, அமெரிக்க மிஷன் கால்கொண்ட ஆண்டு 1834. அந்நூற்றாண்டின் இறுதியில் ஹாரியட் பார்க்கர் என்ற மருத்துவ அம்மையார் இங்கு வந்து, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பல்லாண்டு பணிபுரிந்தார். சமயம் பரப்ப வந்தவர்கள்தாம்; மறுப்பதற்கில்லை. ஆயினும், தீண்டத்தகாத வேலை என்று நாம் தள்ளிவைத்ததைத் தொட்டுச் செய்தவர்கள் அவர்கள். செவிலியர் படிப்பில் தொடக்கத்தில் கிறித்தவப் பெண்கள் மிகுந்திருந்ததற்குக் காரணம் வேறென்ன? மற்ற வீடுகள் தம் பெண்களை அனுப்பக் கூசின. பிறர் உடலைத் தொடுவதா, இரவிலே வெளியில் தங்குவதா என்று பழித்தன.

1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் இயற்றப்பட்டது. பயின்றவர் பெயர் அரசின் பதிவேட்டில் ஏறியது. படி நெல்லுக்குக் காத்து நின்றவள், சட்டம் அறிந்த தொழிலாளியானாள். அன்று முதலமைச்சர் பனகல் அரசர். இன்று மதுரையில் வைகையின் வடகரையிலே அரசு இராசாசி மருத்துவமனை நிற்கும் சாலைக்குப் பெயர் பனகல் சாலை! முன்னாளில் ஆளுநர் எர்ஸ்கின் பெயரைத் தாங்கிய மருத்துவமனை அது. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தோன்றியபின், தென்மாவட்டத்து ஏழைத் தாய்மார்க்கெல்லாம் அதுவே கடைசி நம்பிக்கையாயிற்று.

நகரத்துக்கு மட்டும் போதுமா? மதுரை டி.வி.எஸ். குடும்பத்தின் மகள் சௌந்தரம். இளமையில் மணம், இளமையில் கைம்மை. மூலையில் உட்கார் என்றது பழமை; அவரோ தில்லிக்குச் சென்று மருத்துவம் பயின்றார். 1940இல் ஜி. இராமச்சந்திரனை மறுமணம் புரிந்தார். 1947இல் அன்றைய மதுரை மாவட்டத்துச் சின்னாளபட்டி அருகே இருவரும் காந்திகிராமத்தை நிறுவினர். அங்கே எழுந்த கஸ்தூரிபா மருத்துவமனை சிற்றூர்த் தாய்மார்க்குப் பேறு பார்த்தது. சிற்றூர்ப் பெண்களுக்கு அத்தொழிலையும் கற்பித்தது. கொள்கையில் மாறுபடுவோரும் தலைதாழ்த்த வேண்டிய பணி. மங்கலமற்றவள் என்று ஒதுக்கப்படும் கைம்பெண், ஆயிரம் பேற்றறைகளுக்கு மங்கலம் கொண்டுவந்தாள் என்றால், மடமைக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி உண்டோ?

ஆயினும் இருள் முற்றும் நீங்கவில்லை. பெண்ணைத் தெய்வமாக்கி, முடிசூட்டி, வீதியுலா விடும் மாநகரின் மேற்கே, உசிலம்பட்டி வட்டாரத்தில், பிறந்த பெண் குழவிக்குக் கள்ளிப்பால் ஊட்டும் கொடுமையை 1986இல் இந்தியா டுடே இதழ் வெளிப்படுத்தியது. நாடு திடுக்கிட்டது. 1994இல் 'கருத்தம்மா' திரைப்படம் அந்த அவலத்தைத் திரையில் காட்டியது. தாயைக் கொடியவள் என்று ஏசுவது எளிது. மகளுக்குப் பவுன் எத்தனை என்று விலை பேசிய மாமன்மாரும் மணமகன்மாரும் அல்லவா அந்தக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தவர்கள்? 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001இல் மதுரை மாவட்டத்துக்கும் விரிந்தது. சட்டமும் தொட்டிலும் ஒருபுறம் இருக்கட்டும். மூன்றாவதும் பெண் என்று கேட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும் தாயை நள்ளிரவில் யார் அறிவார்? குழவியை அவள் மார்போடு சேர்த்து, "அம்மா, பிள்ளைக்குப் பசிக்கிறது, பால் கொடு" என்று சொல்லும் செவிலியே அறிவாள். ஒருமுறை பால் குடித்த குழவியை மறுப்பது எந்தத் தாய்க்கும் எளிதன்று. மேடையில் நாம் பேசும் பெண்ணுரிமையை, கட்டிலருகே நின்று காப்பவள் அவள்.

இத்தனைக்கும் பயன் விளைந்ததா? விளைந்தது. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு மூன்று செவிலியர் என்று அமர்த்தி, இரவு பகல் இருபத்துநான்கு மணி நேரமும் பேறு பார்க்கும் முறையைத் தமிழ்நாடு வகுத்தது. மூவர் ஏன்? இரவிலும் ஒருத்தி விழித்திருக்க வேண்டும் என்பதற்காக. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களில் நடந்தவை. 2018–20 கணக்கில், இலட்சம் பேற்றுக்கு இந்தியாவில் 97 தாய்மார் மாண்டனர், தமிழ்நாட்டில் 54. அந்த 54 பேரும் நமக்குத் தலைகுனிவே. எனினும் வந்த தொலைவு சிறிதன்று.

இந்த வெற்றியை ஈட்டித் தந்தவளுக்கு நாம் கொடுத்தது என்ன? மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015இல் தேர்வு நடத்தி எடுத்த செவிலியர்க்கு, மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம்! 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் திரண்டு, பணியை நிலைப்படுத்துங்கள் என்று போராடினர். 2020இல் கொரோனா கொடுமையின்போது அழைத்துக்கொண்ட செவிலியருள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரை, 2022 டிசம்பர் 31உடன் பணி முடிந்தது என்று அனுப்பினர். கைதட்டி வரவேற்றோம், கடிதம் கொடுத்து வழியனுப்பினோம். கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று படுக்கைக்கு ஒரு செவிலி என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் விதி. இரவுக்கூடத்திலே அந்த விதி உறங்கிக்கொண்டிருக்க, ஒருத்தி மட்டும் கட்டில்தோறும் ஓடுகிறாள்.

கேட்டால், "செவிலியர் பணி சேவையன்றோ, தாயுள்ளமன்றோ, அதற்கு விலையேது?" என்பர். இனிய சொற்கள்! மருத்துவச்சிக்குப் படி நெல் அளந்தவனும் இவ்வாறுதான் நினைத்தான். தீட்டு என்று தாழ்த்தியது பழைய முறை. தியாகம் என்று உயர்த்திக் கூலியைக் குறைப்பது புதிய முறை. இரண்டிலும் ஏமாந்தவள் ஒருத்தியே.

அவள் வேண்டுவது ஆரத்தியன்று; நிலையான பணி, நேரிய ஊதியம், போதிய துணைவர், இரவில் அச்சமின்றிச் சென்றுவர வழி. நற்றாய்க்கு நிகராகச் செவிலித்தாயை வைத்துப் பாடியது தமிழ். அந்தத் தமிழுக்கு உரியவர் நாம் என்றால், ஊர் உறங்கும்போது நம் மகளின் கட்டிலருகே உறங்காதிருப்பவளுக்கு உரியதை விழித்தெழுந்து கொடுப்போம்.