சக்கரத்தின்மேல் ஒரு வீடு: ஜீப்பும் லேண்ட் ரோவரும் சொல்லும் பேராக் வரலாறு



குனோங் ராபாட்டுக்குப் பக்கத்தில்தான் சிம்பாங் பூலாய். அங்கிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையைப் பள்ளி விடுமுறை நாளில் கவனித்துப் பாருங்கள். காய்கறி லாரிகளுக்கு நடுவே ஃபோர் வீல் வண்டிகளும் ஏறிப் போகும். சிலவற்றின் கூரையில் மடித்து வைத்த கூடாரம் இருக்கும். பின்கதவைத் திறந்தால் பலகைப் படுக்கை, அதன் அடியில் அடுப்பு, அரிசி, சார்டின் டின், தண்ணீர். இவற்றில் பல, கம்பெனி செய்து விற்றவை அல்ல. சொந்தக்காரரே பலகையை அறுத்து, ஆணி திருகி, வீட்டு வாசலில் வைத்துச் செய்துகொண்டவை.

"சார், இதுக்கும் வரலாற்றுக்கும் என்ன சம்பந்தம்?" என்று பிள்ளைங்க கேட்பாங்க. சம்பந்தம் இருக்கிறது. இதே பேராக்கில், அரிசியையும் டின்னையும் எடுத்துக்கொண்டு காட்டோரம் போனால் குற்றம் என்று இருந்த காலம் உண்டு. அந்தக் காலத்திலும் இதே வகை வண்டிகளைப் பட்டறையில் வைத்து மாற்றினார்கள். ஆனால் படுத்துறங்க அல்ல, உயிர் தப்ப.

ஒரு வண்டியை யார் மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள், அந்த வண்டிக்கு வெளியே நின்றவர்கள் யார்? இந்த மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

போருக்குப் பிறந்த வண்டி

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவத்துக்கு, சேற்றிலும் மேட்டிலும் ஓடக்கூடிய ஒரு சிறிய வண்டி தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் ஜீப். வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து கொடுத்தன.

போர் முடிந்ததும் பிரிட்டனில் ரோவர் நிறுவனத்தைச் சேர்ந்த மோரிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் ஆங்கிள்சி தீவிலிருந்த தன் பண்ணையில் ஒரு பழைய வில்லிஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து உருவானது லேண்ட் ரோவர். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது.

இங்கே ஒரு காரணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். போருக்குப் பின் பிரிட்டனில் எஃகுத் தட்டுப்பாடு. அதனால் உடல் பாகத்தை அலுமினியக் கலவையில் செய்தார்கள். தகடுகளை வளைத்து நெளிக்காமல், பெரும்பாலும் தட்டையாகவே வைத்தார்கள். அடியில் கனமான எஃகுச் சட்டம். அதன்மேல் போல்ட்டு போட்டு முடுக்கிய தகடுகள். ஒரு ஸ்பேனர் இருந்தால் கூரையைக் கழற்றலாம், கதவைக் கழற்றலாம், பின்பக்கத்தை வேறு மாதிரி கட்டிக்கொள்ளலாம். தட்டுப்பாட்டினால் வந்த வடிவம், பிற்காலத்தில் வீட்டிலேயே மாற்றிக்கொள்ள வசதியான வடிவமாக அமைந்துவிட்டது. காரணம், விளைவு என்று தேர்வில் எழுதச் சொன்னால் இது ஒரு நல்ல எடுத்துக்காட்டு.

47 நாள் கழித்து, சுங்கை சிப்புட்

ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு 47 நாள் கழித்து, 1948 ஜூன் 16ஆம் நாள், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் வட்டாரத்தில் இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். முதலில் பேராக், ஜொகூர் மாநிலங்களின் சில பகுதிகளிலும், ஜூன் 18இல் மலாயா முழுவதிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 ஜூலை 31 வரை நீடித்தது.

அதற்குப் பிறகு தோட்டத்துத் துரைமார் தங்கள் காரிலும் ஜீப்பிலும் எஃகுத் தகடு அடித்துக்கொண்டார்கள். கண்ணாடி இருந்த இடத்தில் தகடு. அதில் பார்ப்பதற்கு மட்டும் ஒரு கீறல். யோசித்துப் பாருங்கள், வெயில் காலத்தில் அந்த இரும்புப் பெட்டிக்குள் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? தகட்டின் பாரம் தாங்காமல் ஸ்பிரிங் இறங்கும், மேட்டில் இன்ஜின் திணறும். இருந்தாலும் ஓட்டினார்கள். தோட்டத்துச் செம்மண் சாலையில் எந்த வளைவில் துப்பாக்கி காத்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இப்போது மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். வெளியே நின்றவர் யார்? விடிவதற்கு முன் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு, பால் வாளியும் உளியுமாக நடந்தே மரத்துக்குப் போன நம் தாத்தா பாட்டிகள். அவர்களுக்குத் தகடு இல்லை. பால்மரங்களைக் கம்யூனிஸ்டுகள் வெட்டிச் சிதைத்தால் அன்றைய கூலி போச்சு. "அவங்களுக்கு உதவி செஞ்சியா?" என்று அதிகாரிகள் கேட்டால் அதற்கும் பதில் சொல்ல வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்றவர்கள் அவர்கள்.

வீட்டை லாரியில் ஏற்றிய காலம்

1950இல் சர் ஹெரால்டு பிரிக்ஸ் தீட்டிய திட்டத்தின்படி, காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சுமார் 5 லட்சம் பேர் 450க்கும் மேற்பட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். குனோங் ராபாட்டும் அப்படி உருவான புதுக்கிராமங்களில் ஒன்றுதான். தோட்டங்களில் தனித்தனியே இருந்த லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு, சுற்றிலும் முள்வேலி போடப்பட்டது. இந்த 'மறுசேர்க்கை'யில் பல லட்சம் தோட்ட, சுரங்கத் தொழிலாளர்கள் அடங்குவர். நம் குடும்பங்களைத் தொட்டது பெரும்பாலும் இதுதான்.

தட்டுமுட்டுச் சாமான், பாய், சட்டி பானை எல்லாம் லாரியில் ஏறின. அதுவும் ஒரு வகையில் சக்கரத்தின்மேல் வீடுதான். ஆனால் எங்கே போவது, எப்போது போவது என்பதை முடிவு செய்தது வீட்டுக்காரர் அல்ல.

உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த வட்டாரங்களில், வேலைக்குப் போகிறவர் கையில் மதியச் சோறு கொண்டு போக முடியாது. வேலிக் கதவருகே சோதனை நடக்கும். கடையில் சார்டின் டின் வாங்கினால் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார்கள். ஓட்டை போட்ட டின் சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்கு அனுப்ப முடியாது. சில இடங்களில் அரிசியையே பொதுச் சமையலறையில் சோறாக்கிப் பங்கிட்டார்கள். காட்டில் இருந்தவர்களைப் பட்டினி போடுவது நோக்கம். அதற்காக, அதிகாலையிலிருந்து மரம் வெட்டியவரும் பசியோடுதான் திரும்பி வந்தார்.

இதே காலத்தில் வேறு வண்டிகளும் புதுக்கிராமத்துக்கு வந்தன. செஞ்சிலுவைச் சங்கத் தாதியர் மருந்து வண்டியில் வந்தார்கள். தகவல் இலாகாவின் படவண்டி, திரையும் ஜெனரேட்டரும் ஏற்றிக்கொண்டு வந்து திடலில் படம் காட்டியது. ஒரு வண்டி காவல் காத்தது, ஒன்று மருந்து கொடுத்தது, ஒன்று அரசாங்கம் சொல்ல விரும்பியதைச் சொன்னது. பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலக் கொள்கையைப் பாடநூலில் 'இராணுவ நடவடிக்கை', 'மக்கள் மனத்தைக் கவர்தல்' என்று பிரித்துப் படிக்கிறோம் இல்லையா? அந்தப் பிரிவு இந்த வண்டிகளிலேயே தெரிகிறது.

இலண்டனிலிருந்து வந்த இரண்டு வண்டிகள்

1955 செப்டம்பர் 1ஆம் நாள் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆறு இளைஞர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் இலண்டனை விட்டுக் கிளம்பினார்கள். ஐரோப்பா, இந்தியா, பர்மா, தாய்லாந்து, மலாயா வழியாக 1956 மார்ச் 6இல் சிங்கப்பூர் சேர்ந்தார்கள். ஆறு மாதத்துக்கு அந்த வண்டிகள்தான் அவர்களுக்குப் பண்டகசாலை, சமையலறை, பட்டறை எல்லாம். கூரையில் இரும்புச் சட்டம் பொருத்தி, எரிபொருள் டின்களையும் கூடுதல் டயர்களையும் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். அந்தப் பயணத்தைப் பற்றி டிம் ஸ்லெசர் எழுதிய நூல் 1957இல் வெளிவந்தது.

அவர்கள் இந்தத் தீபகற்பத்தைக் கடந்த தேதியைப் பாருங்கள். துங்கு அப்துல் ரஹ்மானும் சின் பெங்கும் பாலிங்கில் சந்தித்தது 1955 டிசம்பர் 28, 29. பேச்சுவார்த்தை தோற்று, அவசரகாலம் தொடர்ந்துகொண்டிருந்தது. ஆறு இளைஞர்கள் உணவையும் கூடாரத்தையும் ஏற்றிக்கொண்டு நாடு நாடாகக் கடந்து வந்தார்கள். அதே மாதங்களில், அதே மண்ணில், தோட்டத் தொழிலாளிக்குத் தன் தூக்குச் சட்டியை வேலிக்கு வெளியே எடுத்துப் போக அனுமதி இல்லாத இடங்கள் இருந்தன. இளைஞர்களின் துணிச்சலைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. ஒரே ஆண்டு, ஒரே சாலை எல்லாருக்கும் ஒரே வரலாறு ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்.

1960களில் பிரிட்டனில் 'டோர்மொபில்' என்ற பெயரில், நீண்ட லேண்ட் ரோவரில் பக்கவாட்டில் தூக்கித் திறக்கும் கூரையும், படுக்கையாக மாறும் இருக்கையும் பொருத்தி விற்றார்கள். இன்று சாலையில் காணும் வீட்டுவண்டிகளுக்கு அது ஒரு முன்னோடி.

இன்று நீங்களே செய்தால்

சில அப்பாமார்களும் மாணவர்களும் இதைச் செய்ய ஆசைப்படுவார்கள். அடிப்படை எளிது. இருக்கையைக் கழற்றி, ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்குப் பலகை மேடை. முதல் லேண்ட் ரோவரின் முழு நீளமே 11 அடிதான், அதனால் இட அளவை முதலில் எடுங்கள். கனமான பொருள் அடியில், இலேசானது மேலே. கூரையில் பாரம் ஏறினால் மலை வளைவில் வண்டி சாயும். விளக்குக்கும் விசிறிக்கும் தனி பேட்டரி வையுங்கள், காலையில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டுமே. மூடிய வண்டிக்குள் அடுப்பு எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. வண்டியின் அமைப்பையே மாற்றுவதானால் முதலில் ஜே.பி.ஜே. ஒப்புதல் வாங்குங்கள்.

வகுப்பில் செய்ய

நான்காம் படிவத்தில் அவசரகாலப் பாடம் நடத்தும்போது கரும்பலகையில் நான்கு வண்டிகளை வரையச் சொல்லுங்கள்: தகடு அடித்த ஜீப், சாமான் ஏற்றிய லாரி, மருந்து வண்டி, இன்றைய வீட்டுவண்டி. ஒவ்வொன்றின் கீழும் அந்த மூன்று கேள்விகளுக்கு விடை எழுதட்டும். பிறகு இந்த உயர்நிலைச் சிந்தனைக் கேள்வியைக் கொடுங்கள்: "உணவுக் கட்டுப்பாடு காட்டில் இருந்தவர்களை மட்டும்தான் பாதித்ததா? காரணங்களுடன் விளக்குக."

மாணவர்களே, தேதிகளை மனப்பாடம் பண்ணுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு வீட்டில் எண்பது வயதுக்கு மேற்பட்டவர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்க் கேளுங்கள்: "தாத்தா, கம்பிவேலி காலத்தில் மதியம் என்ன சாப்பிட்டீங்க?" அவர் சொல்வதைத் தேதி, தோட்டத்தின் பெயரோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன, லயங்களும் இல்லை. அவர் நினைவில் இருப்பது வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது.