கொச்சி யூதர்களின் பூர்வீகம்

கேரளக் கடற்கரையில் கொடுங்கல்லூர், கொச்சி, எர்ணாகுளம், பறவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் வாழ்ந்து மலையாளம் பேசிய யூதச் சமூகத்தினர் கொச்சி யூதர்கள். 1950களில் இவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தனர். இவர்களின் முன்னோர் எங்கிருந்து, எப்போது வந்தனர் என்பது நெடுங்கால விவாதம். யார் முதலில் வந்தவர் என்ற கேள்வியோடு தொழுகைக்கூடத்தில் யாருக்கு எந்த இடம் என்ற கேள்வியும் ஒட்டிக்கொண்டிருந்ததால், அது ஏட்டளவில் நிற்கவில்லை.

வழிவழிக் கதைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சாலமோன் அரசனின் மரக்கலங்களில் வந்தோம் என்கிறது ஒன்று. கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தபின் கொடுங்கல்லூரில் கரையேறினோம் என்கிறது மற்றொன்று. மயோர்க்கா தீவைச் சொல்வோரும் உண்டு. பண்டைத் துறைமுகமான முசிறியோடு மேற்குலகம் வணிகம் செய்தது உண்மை. முசிறி இருந்த இடமாகக் கருதப்படும் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. ஆனால் அந்தக் கப்பல்களில் யூதர்கள் வந்து குடியேறினார்கள் என்பதற்கு இது சான்றாகாது.

உறுதியான சான்று செப்பேடுகளில் தொடங்குகிறது. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளி என்ற கிறித்தவத் தேவாலயத்துக்கு வேணாட்டு ஆட்சியாளர் அய்யனடிகள் வழங்கிய செப்பேட்டில் சாட்சிகள் சிலர் எபிரேய எழுத்தில் கையொப்பமிட்டுள்ளனர். எழுத்துத்தான் எபிரேயம், மொழி பாரசீகம். எருசலேமிலிருந்து நேராக வந்தவர்கள் என்பதைவிட, பாரசீக வளைகுடா வழியே வந்த வணிகர்கள் என்று கொள்வதே இதற்குப் பொருந்தும். அதே செப்பேட்டில் அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் என்ற இரு வணிகக் குழுக்கள் பேசப்படுகின்றன. மணிக்கிராமத்தின் பெயர் மலாய்த் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், இன்று தாய்லாந்திலுள்ள தக்குவாப்பாவின் தமிழ்க் கல்வெட்டிலும் வருகிறது. மலபாரையும் மலாய்க் கரையையும் இணைத்த கடல்வணிகத்தின் நடுவே இந்தச் சமூகமும் வளர்ந்திருக்கலாம்.

அடுத்தது இன்னும் புகழ்பெற்றது. சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து (இன்றைய கொடுங்கல்லூர்) இசுப்பு இரப்பானுக்கு, அதாவது யோசேப்பு ரப்பானுக்கு, அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு விடுபேறுகளையும் வழங்கிய செப்பேடு அது. பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, பறை, காளம், தோரணம் என உயர்ந்தோருக்குரிய மரியாதைகள் பல அதில் உண்டு, வரிவிலக்கும் உண்டு. வட்டெழுத்தைப் படித்துக் காட்டினால் தமிழ் வாசகருக்கு அதன் மொழி அந்நியமாகத் தோன்றாது. கி.பி. 379 என்று சமூகத்தார் நம்பிவந்த இதன் காலத்தை, வரலாற்றாசிரியர் எம்.ஜி.எஸ். நாராயணன் மன்னனின் ஆட்சியாண்டைக் கணக்கிட்டு 1000 என நிறுவினார். அறுநூறு ஆண்டுத் தொன்மை குறைந்தது. இதைவிட முக்கியமானது, இரப்பானின் முன்னோர் எந்த நாட்டார் என்பது பற்றிச் செப்பேட்டில் ஒரு சொல்கூட இல்லை என்பது. அந்த இடைவெளியைத்தான் பின்வந்தோர் தத்தம் கதைகளால் நிரப்பினர்.

கெய்ரோத் தொழுகைக்கூடத்தின் கெனீசா ஆவணக் குவியல் வேறொரு வாசல் திறந்தது. துனீசியாவைச் சேர்ந்த ஆபிரகாம் பென் ஈஜு என்ற யூத வணிகர் 1130களிலும் 1140களிலும் மங்களூர்ப் பகுதியில் தங்கி வெண்கலப் பட்டறை நடத்தினார். ஆசு என்ற உள்ளூர் அடிமைப் பெண்ணுக்கு விடுதலை அளித்து அவளோடு குடும்பம் நடத்தினார். கடலோடி வந்த ஆண்களும் கரையிலிருந்த பெண்களும் சேர்ந்து ஒரு சமூகம் உருவாவதை இந்த ஆவணங்களில் கண்ணாரக் காணலாம். சேந்தமங்கலத்தில் 1269ஆம் ஆண்டின் எபிரேயக் கல்லறைக் கல் கிடைத்துள்ளது. இஸ்ரவேலின் மகள் சாராளுடையது.

1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியபின் வந்தவர்களே ‘பரதேசிகள்’. 1568இல் மட்டாஞ்சேரியில் தொழுகைக்கூடம் கட்டினர். பின்னால் வந்த இவர்கள் தங்களை வெள்ளை யூதர் என்றும், முன்பே இருந்த மலபாரிகளைக் கறுப்பு யூதர் என்றும் பிரித்தனர். மலபாரிகள் அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று சொல்லிப் பெண் கொடுக்கவும் எடுக்கவும் மறுத்தனர். இரப்பானின் செப்பேடு தங்கள் முன்னோருக்கே உரியது என இரு தரப்பும் உரிமை கொண்டாடின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொச்சிக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் கிளாடியஸ் புக்கானன்கூட, கறுப்பு யூதரே மிக முந்தியவர் என்று எழுதிவைத்தார். பரதேசிக் கூடத்திலேயே விடுதலை பெற்ற அடிமைகளின் சந்ததியார் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தனர். அவர்களில் ஒருவரான வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம், 20ஆம் நூற்றாண்டில் காந்திய வழியில் போராடியே அந்த ஒதுக்கலைத் தளர்த்தினார்.

  

2016இல் வெளியான மரபணு ஆய்வு 21 கொச்சி யூதர்களின் மாதிரிகளைச் சேகரித்துப் பிற மக்களோடு ஒப்பிட்டது. உள்ளூர் இந்திய மரபு மேலோங்கியிருந்தது. கூடவே, யூதரல்லாத பிற இந்தியரிடம் காணாத யூத மரபும் கணிசமாக இருந்தது. ஏமன், ஸ்பானிய, மத்தியக் கிழக்கு யூதர்களின் கலப்பு 470 முதல் 730 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்தது என அது கணித்தது. பிந்திய கலப்பின் காலத்தைச் சொல்லும் இக்கணிப்பை முதல் வருகைக்கான தேதியாகக் கொள்ளக்கூடாது. கொல்லத்துச் செப்பேட்டில் எபிரேய எழுத்தில் கையொப்பமிட்டவர்கள் அதற்கும் நானூறு ஆண்டுகள் முந்தியவர்கள்.