சொண்டும் கிரகணமும் கண்டி வீதியும்

“கிரகணத்துக்க வெளியில போகாத, பிள்ளை மூளியாப் பிறக்கும்.” வன்னியில் வளர்ந்த எங்களில் பலர் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். சொண்டு பிளந்து ஒரு பிள்ளை பிறந்தால் முதல் கேள்வியும் தாயிடம்தான்: “கிரகணத்தண்டு எங்க போனனீ?”

இது எங்கட ஊர்க் கதை மட்டுமில்லை. மெக்சிக்கோவின் அஸ்டெக் மக்களும் இப்படியே நம்பினார்கள். கிரகணத்தின்போது கர்ப்பிணிகள் எரிமலைக் கண்ணாடித் துண்டொன்றைத் தம்மோடு வைத்திருந்தார்கள். ஆனால் மேற்சொண்டு பொருந்துவது கருவின் ஏழாவது கிழமையளவில். கர்ப்பம் எண்டு பலருக்கு உறுதியாகும் நேரத்திலேயே சொண்டின் கதை முடிஞ்சுபோகும். உலகில் ஏறத்தாழ 700 பிறப்புகளில் ஒன்றில் சொண்டோ அண்ணமோ பிளந்திருக்கிறது. பரம்பரை, புகைத்தல், சில மருந்துகள் எனக் காரணங்கள் பல. கிரகணம் அதில் இல்லை.

இலங்கைக்கு இந்த மருத்துவ வரலாற்றில் ஓர் இடமுண்டு. 1980களில் பிரித்தானியாவின் மைக்கல் மார்ஸ் குழுவினர் இங்கு வந்து, சத்திரசிகிச்சையே கிடைக்காமல் வளர்ந்த பெரியவர்களைக் கண்டார்கள். அவர்களுடைய மேற்தாடை பெரும்பாலும் வழமைபோலவே வளர்ந்திருந்தது. அப்படியெண்டால் தாடை பின்தங்குவதற்குப் பிளவைவிடச் சிறுவயதுச் சத்திரசிகிச்சையின் தழும்பே முக்கிய காரணம். மார்ஸும் ஹியூஸ்டனும் 1990இல் இதை வெளியிட்டார்கள். எங்கட நாட்டு ஏழைகளுக்கு வைத்தியம் கிடைக்காமல் போனது உலகத்துக்குப் பாடமானது.

அதே 1990இல்தான் மறுபடி யுத்தம் மூண்டு கண்டி வீதி பூட்டப்பட்டது. வன்னிக்கு மருந்தும் எரிபொருளும் கட்டுப்பாட்டோடுதான் வந்தன. வவுனியாவுக்குப் போகப் பாஸ் வேண்டும். பாதை திறந்தது 2002இல்.

சொண்டைத் தைப்பது பொதுவாக மூன்று தொடக்கம் ஆறு மாதத்தில். அண்ணத்தை மூடுவது ஒன்றரை வயதுக்குள், பிள்ளை கதைக்கப் பழக முன்னம். பிள்ளையின் பேச்சு பாதை திறக்கும்வரை காத்திருக்காது. பிந்தினால் சொல் மூக்கால போகும், வகுப்பில சிரிப்பார்கள். பூட்டியது பாதை, பழி மட்டும் தாயில்.

யுத்த வரலாறு எண்டால் நாங்கள் திகதிகளையும் இடப்பெயர்வுகளையும் எழுதுகிறோம். தைக்கப்படாத சொண்டும் அந்த வரலாறுதான். இனி அப்படியொரு பிள்ளையைக் கண்டால் தாயிடம் கிரகணத்தைக் கேட்காமல், “கிளினிக் எப்ப? நாங்களும் கூட வரட்டோ?” எண்டு கேட்போம்.