ஓரணாச் சிற்றுண்டி

காட்டுப்பள்ளியைச் சூழ்ந்த மீனவக் குப்பங்களில் பொழுது புலருமுன்பே வீடு வெறிச்சோடிவிடும். தந்தை கடலுக்கோ பழவேற்காட்டு ஏரிக்கோ சென்றிருப்பார். தாய் மீன்கூடையுடன் சந்தைக்குப் புறப்பட்டிருப்பார். பிள்ளை மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வரும். அது உண்டதா எனக் கேட்பவர் யார்? நூறாண்டுகளுக்கு முன்பே இக்கேள்வியைச் சென்னை மாநகராட்சி மன்றத்தில் எழுப்பிய ஒருவரை நம் இறைமக்கள் அறிந்திருத்தல் நன்று.

சர் பிட்டி தியாகராயர் 1852இல் வடசென்னையில், நெசவாளர் குலத்தில் பிறந்தவர். 1916இல் நீதிக்கட்சியைத் தோற்றுவித்தோருள் ஒருவர். 1920இல் முதலமைச்சர் பதவி தம்மைத் தேடிவந்தும் அதனை ஏற்க மறுத்தார். தியாகராய நகர் என்னும் பெயரால் மட்டுமே அவரை இன்று பலரும் அறிவர். ஆயினும் அவரது மெய்யான நினைவுச்சின்னம் ஆயிரம் விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியொன்றில் எழுந்தது எனத் துணிந்து கூறுவேன்.

அப்பள்ளியின் பிள்ளைகள் வறியவர்கள். வறுமையினால் மாணவர் தொகை பெருகவில்லை. மாநகராட்சித் தலைவராயிருந்த தியாகராயர் இதனை மன்றத்தின்முன் வைத்தார். 1920 செப்டம்பர் 16ஆம் நாள் தீர்மானம் நிறைவேறியது: மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவிற்கு மேற்படாமல் சிற்றுண்டி வழங்கலாம். பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு இத்திட்டம் விரிந்தது. 1922-23இல் 811ஆக இருந்த மாணவர் தொகை 1924-25இல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இருமடங்கு! புதிய பாடத்திட்டம் எதுவும் இதனைச் செய்துவிடவில்லை.

அவர் குறையற்றவர் அல்லர். 1921ஆம் ஆண்டுப் புளியந்தோப்புக் கலவரத்தின்போது அவரது கட்சி ஆதிதிராவிடர் பக்கம் நிற்கவில்லை என்னும் கசப்பு வளர்ந்து, 1923இல் எம்.சி. ராஜா அக்கட்சியைவிட்டே விலகினார். இதனை மறைத்து அவரைப் போற்றுதல் வரலாறு ஆகாது.

ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடலாகாது என ஆங்கில அரசு தடுத்ததால் 1925 ஏப்ரல் முதல் நாள் சிற்றுண்டி நின்றது. பிள்ளைகளின் வருகையும் குறைந்தது. தியாகராயர் அவ்வாண்டிலேயே காலமானார். உணவை மீண்டும் வழங்க வேண்டுமென மாநகராட்சி மன்றத்தில் வாதாடியவர், மீனவர் குலத்தில் பிறந்த ம. சிங்காரவேலர். குப்பத்துப் பசியை அவருக்கு ஒருவர் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்திருக்காது.

கரும்பலகை வாங்கினால் கல்விச் செலவு, கஞ்சி ஊற்றினால் வீண்செலவு என்னும் அந்தக் கணக்கை நம்மவர் கூட்டங்களிலும் கேட்டிருக்கிறேன். உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் செய்ததை அப்போது நினைத்துக்கொள்வேன். இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்த சீடர்களுக்குக் கரிநெருப்பில் மீனும் அப்பமும் காத்திருந்தன. அவர்கள் பசியாறிய பிறகே பேதுருவிடம் ஆட்டுக்குட்டிகளைப் பேணும் பொறுப்பைப் பற்றிப் பேசினார். இந்த வரிசைமுறை தற்செயலன்று.

தமிழக அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது அரசுப் பள்ளிகளுக்கே உரியதாயிருந்தது. உதவிபெறும் பள்ளிகளான நம் பள்ளிகள் அதில் இடம்பெறவில்லை. அதன்பின் பிள்ளையை நம் பள்ளியிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாற்றிய தாயரை நன்றியற்றவர்கள் எனச் சிலர் குறைகூறினர். 1925இல் ஆயிரம் விளக்கில் நடந்ததை அறிந்தவர் அவ்வாறு பேசமாட்டார். அத்தாய்மார்கள் நம்மை வெறுத்துப் போகவில்லை. பிள்ளையின் வயிற்றைப் பார்த்துப் போனார்கள். அவ்விடைவெளியில் ஒருவேளை கஞ்சிக்கு நாம் என்ன செய்தோம் என்று ஒவ்வொரு பங்கும் கேட்டுக்கொள்ளட்டும்; என் பங்கும் இதற்கு விலக்கன்று.

2024 சூலை 15, காமராசர் பிறந்தநாளன்று, ஊரகப் பகுதி உதவிபெறும் பள்ளிகளுக்கும் அத்திட்டம் வந்தது. அதன் தொடக்கவிழா நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கீழச்சேரி புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில் நடைபெற்றது.