அம்பேத்கர் கேட்ட பூட்டு

செல்போன் செய்தியை அடுத்தவன் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கிற தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம்ம தோழர்களே சிரிக்கிறார்கள். 'கூலி கேட்டா அடி, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, இதுல என்கிரிப்ஷன் வேறயா? அதெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரன் கவல' என்கிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கிறது. ஆனால் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டினால் விஷயம் தலைகீழாக நிற்கிறது. இந்த நாட்டில் அரசாங்கம் நினைத்த நேரத்தில் புகுந்து துழாவிய வீடு யார் வீடு? மாளிகையா, சேரியா? பூட்டு யாருக்கு அதிகம் தேவைப்பட்டது? இந்தக் கேள்விக்குச் சட்ட மொழியில் பதில் எழுதி வைத்தவர் நம்மவர். அதை மறந்துவிட்டுத்தான் சிரிக்கிறோம்.

1947ல் அகில இந்திய ஷெட்யூல்டு வகுப்பினர் சம்மேளனத்தின் சார்பில் பாபாசாகேப் அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபைக்கு ஓர் அறிக்கை தயாரித்தார். 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற பெயரில் அது நம் கையில் இருக்கிறது. அதிலுள்ள தனி வாக்காளர் தொகுதியையும் தனிக் குடியேற்றத்தையும் நிலத்தை அரசுடைமையாக்கும் திட்டத்தையும் மேடைதோறும் பேசியிருக்கிறோம். அடிப்படை உரிமைகளின் வரிசையில் அவர் வைத்த இன்னொரு சரத்தைப் பேசியதே இல்லை. மக்களின் உடல், வீடு, காகிதங்கள், உடைமைகள் எதையும் நியாயமில்லாமல் சோதனை போடக் கூடாது, கைப்பற்றக் கூடாது. தக்க காரணம் இல்லாமல் வாரண்ட் பிறப்பிக்கக் கூடாது என்பது அதன் சாரம். அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தத்தை ஒட்டி எழுதியது. நிலமில்லாத, நிலையான வீடில்லாத ஒரு மக்கள் கூட்டத்தின் கோரிக்கைப் பத்திரத்தில் வீட்டுக்கும் காகிதத்துக்கும் பாதுகாப்பு கேட்டிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கே.எம். முன்ஷியும் கடிதப் போக்குவரத்தின் ரகசியத்தைக் காக்க ஒரு சரத்து எழுதியிருந்தார். அல்லாடி கிருஷ்ணசாமி அய்யரும் பி.என். ராவும் இரண்டையும் எதிர்த்தார்கள். குற்றங்களை விசாரிக்க இடைஞ்சலாகிவிடும் என்பது வாதம். சரத்து விழுந்தது. 1948 டிசம்பர் 3ஆம் தேதி காசி சையத் கரீமுதீன் அதையே திருத்தமாக மறுபடி சபையில் வைத்தார். ஏற்றுக்கொள்ளத் தயார் என்று அம்பேத்கர் எழுந்து சொன்னார். மூன்று நாள் கழித்து, டிசம்பர் 6ஆம் தேதி, திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. அரசியல் சட்டத்தின் தந்தை என்று சிலை வைக்கிறவர்கள், அவர் கேட்டு அந்தச் சபை கொடுக்க மறுத்தவற்றையும் ஒரு பட்டியல் போட்டால் நன்றாயிருக்கும்.

தோற்றதன் விலை சீக்கிரமே தெரிந்தது. 1954ல் எம்.பி. சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள், அமெரிக்காவில் இருப்பது போன்ற பாதுகாப்பு நம் அரசியல் சட்டத்தில் இல்லை, அதை நாங்கள் இழுத்துக்கொண்டு வர முடியாது என்றார்கள். வழக்கு டால்மியா குழுமக் கம்பெனிகளின் காகிதங்களைப் பற்றியது. பணக்காரன் வழக்கில் திறந்துவிட்ட கதவு. அந்தக் கதவு வழியாகப் போலீஸ் எங்கே நுழைந்தது என்பதுதான் நம்ம கதை.

அதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1871ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், ஒட்டர், கள்ளர் என்று சாதி சாதியாகக் கைரேகை எடுத்தார்கள். ராத்திரியில் போலீஸ் கண்ணெதிரே கிடக்க வேண்டும். வெளியூர் போனால் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்களைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சாதியின் ஆதிக்கத்தைப் பற்றி நமக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. இருந்தாலும் ஒரு மனிதன் எதையும் செய்வதற்கு முன்பே அவன் சாதியை வைத்துக் குற்றவாளியென்று பதிவேட்டில் ஏற்றுகிற வேலை அங்கே நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947ல் சட்டம் போனது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பெயர்ப் பலகையை மாற்றினார்கள், பதிவேட்டை மூடவில்லை.

உத்தரப் பிரதேசத்துக் கரக் சிங் வழக்கு இதன் தொடர்ச்சி. 1941ல் கொள்ளை வழக்கில் பிடித்து, சாட்சியமில்லை என்று விட்ட ஆளுக்கு ஹிஸ்டரி ஷீட் திறந்து, ராத்திரியில் கதவைத் தட்டித் தட்டி எழுப்பினார்கள். 1962ல் உச்ச நீதிமன்றம் ராத்திரி வருகையை மட்டும் தடுத்தது. மற்றபடி கண்காணிக்கலாம், அந்தரங்கம் என்றொரு உரிமை அரசியல் சட்டத்தில் கிடையாது என்றது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார். அவர் பக்கம் நீதிமன்றம் வந்துசேர 55 வருஷம் ஆனது: 2017 ஆகஸ்ட் 24ஆம் தேதி புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஹிஸ்டரி ஷீட் அதற்குப் பிறகும் உயிரோடுதான் இருந்தது. தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த அப்பாவிகளின் பெயரை இயந்திரத்தனமாக அதில் ஏற்றுவதாக 2024 மே 7ஆம் தேதி உச்ச நீதிமன்றமே கவலைப்பட்டது. எங்க பக்கத்துப் பெருசுங்க இதை எப்பவோ சொல்லிவிட்டார்கள்: 'நம்ம வூட்டுக் கதவு நாய்க்கும் காத்துக்குந்தான், காக்கிக்கு இல்ல.'

சோதனை என்றால் நமக்கு என்ன பொருள் என்பதற்கு இரண்டு ஊர் போதும். 1992 ஜூன் 20ஆம் தேதி தர்மபுரி மாவட்டத்து வாச்சாத்தி. பழங்குடி மக்களின் ஊர். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் புகுந்தன. 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். உயிரோடிருந்த குற்றவாளிகள் 215 பேரும் தண்டிக்கப்பட 2011 ஆகிவிட்டது. 2023ல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அடுத்து 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். நம்ம சனம் வளைகுடா போய்ச் சம்பாதித்துக் கொஞ்சம் நிமிர்ந்த ஊர். போலீஸ் படை புகுந்து டி.வி.யை உடைத்தது, தையல் மிஷினை உடைத்தது, படித்த பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் சர்டிபிகேட்டையும் கொளுத்தியது. டி.வி.யை உடைப்பது ஆத்திரம் என்று வைத்துக்கொள்வோம். சர்டிபிகேட்டை எதுக்குக் கொளுத்தணும்? காகிதம்தான் ஒரு தலித்தை ஊரைவிட்டு வெளியே கொண்டுபோகிறது என்பது கொளுத்தினவனுக்குத் தெரியும். அம்பேத்கரின் சரத்தில் 'காகிதங்கள்' ஏன் இருந்தது என்பது கொடியங்குளத்தில் விளங்கும்.

அந்தக் காகிதமெல்லாம் இன்று செல்போனுக்குள் வந்துவிட்டது. சர்டிபிகேட், வன்கொடுமை வழக்கின் புகார் நகல், சாட்சிகளின் பெயர், கூட்டத்துக்குத் தேதி குறித்த செய்தி, சாதி மாறிக் காதலிக்கிற பிள்ளைகளின் பேச்சு எல்லாம் அதற்குள்தான். குறியாக்கம் என்பது பெரிய மாயமில்லை. நான் எழுதுவதை என் செல்போனே கணக்குப் போட்டு உருத்தெரியாமல் குழப்பிவிடும். திருப்பிப் படிக்கிற சாவி எதிர்முனையிலுள்ள செல்போனில் மட்டும் இருக்கும். நடுவிலிருக்கும் கம்பெனிக்கே அதைப் படிக்க முடியாது. 2016 ஏப்ரலில் வாட்ஸ்அப் இதைத் தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் பொருத்தியது. முதலாளிக்கும் அதே பூட்டு, துப்புரவுத் தொழிலாளிக்கும் அதே பூட்டு. வாசலில் நாயும் வாட்ச்மேனும் வைத்துக்கொள்ள வசதியில்லாதவனுக்கு இந்த நாட்டில் சரிசமமாகக் கிடைத்த பூட்டு வேறொன்று எனக்கு நினைவில்லை.

இதற்குத்தான் அரசு மாற்றுச் சாவி கேட்கிறது. கேட்பதும் பழைய வழக்கம். 1885 தந்திச் சட்டம் செய்தியை இடைமறிக்க அதிகாரம் கொடுத்தது, 1898 தபால் சட்டம் கடிதத்தைத் தடுத்து நிறுத்த அதிகாரம் கொடுத்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் போட்ட வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டெலிபோன் ஒட்டுக்கேட்பதற்கு விதிமுறை வகுத்தது. ஆனால் உத்தரவு போடுவது உள்துறைச் செயலாளர்தான், நீதிபதி இல்லை. கேட்கிறவனும் கொடுக்கிறவனும் ஒரே வீட்டுக்காரன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஆம் பிரிவு, பூட்டைத் திறந்துகாட்ட உதவ மறுத்தால் ஏழு வருஷம் வரை சிறை என்றது. 2015 செப்டம்பரில் மத்திய அரசு வெளியிட்ட குறியாக்கக் கொள்கை வரைவில், பூட்டி அனுப்பிய செய்தியின் திறந்த நகலை 90 நாள் வைத்திருந்து கேட்டால் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஓரிரு நாளில் திரும்பப் பெற்றார்கள். 2018 டிசம்பர் 20ஆம் தேதி பத்து அமைப்புகளுக்கு எந்தக் கணினியிலும் தகவலை இடைமறிக்க அதிகாரம் கொடுத்து உள்துறை ஆணையிட்டது.

சென்னை உயர் நீதிமன்றத்திலும் இந்தச் சண்டை நடந்தது. சமூக வலைத்தளக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கேட்டு 2018ல் வந்த பொதுநல வழக்கு, ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற விசாரணையாக மாறி, பிறகு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதற்கிடையே 2021 பிப்ரவரி விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனாளிகள் உள்ள செய்திச் சேவைகள் முதல் அனுப்புநரைக் காட்டியாக வேண்டும் என்றன. ஆணை வந்தால்தான் காட்ட வேண்டுமாம். ஆனால் எந்தச் செய்திக்கு ஆணை வரும் என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே ஒவ்வொரு செய்தியிலும் அடையாளம் போட்டாக வேண்டும். எல்லார் விரலிலும் ரேகை எடுத்து வைத்துக்கொண்டு, திருட்டு நடந்தால்தான் பார்ப்போம் என்கிற அதே பெருங்காமநல்லூர் நியாயம். இதை எதிர்த்து வாட்ஸ்அப் 2021 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது.

மாற்றுச் சாவி என்ன செய்யும் என்பதை 2018 ஆகஸ்ட் 28ஆம் தேதி பார்த்தோம். பீமா கோரேகானில் 1818 போரின் இருநூறாம் ஆண்டுக்குக் கூடிய தலித்துகள் தாக்கப்பட்டார்கள். சோதனையும் கைதும் தலித்துகள் பக்கமும் அவர்களோடு நின்றவர்கள் பக்கமும் வந்தன. அன்று கோவாவில் ஆனந்த் தெல்தும்டேயின் வீட்டை, அவர் இல்லாதபோது, காவலாளியிடமிருந்து மாற்றுச் சாவி வாங்கித் திறந்தார்கள். ஹைதராபாத்தில் பேராசிரியர் கே. சத்யநாராயணாவின் வீடு. நம்முடைய தமிழ் தலித் எழுத்தைத் தொகுத்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர். அவர் குற்றம் சாட்டப்பட்டவர்கூட இல்லை. வரவர ராவின் மருமகன் என்பதால் வந்தார்கள். சாமி படம் மாட்டாமல் அம்பேத்கர், பூலே படம் ஏன் மாட்டியிருக்கிறாய் என்று போலீசார் கேட்டதாக அவர் வெளியே வந்து சொன்னார். ஆக, கணினிக்குள் தேடியது மட்டுமில்லை, சுவரிலும் தேடினார்கள்.

அந்த வழக்கில் 16 பேர் சிறை போனார்கள். ஆதாரம் என்று காட்டியதில் பெரும்பகுதி கணினிக் கோப்புகள். ரோனா வில்சனின் கணினியில் 2016 ஜூனிலிருந்தே யாரோ ஒட்டுண்ணி மென்பொருளை ஏற்றி, மறைவான இடத்தில் கடிதங்களைத் திணித்ததாக அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் 2021 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்த ஸ்டான் சுவாமியின் கணினியிலும் 40க்கு மேற்பட்ட கோப்புகள் திணிக்கப்பட்டதாக 2022 டிசம்பரில் சொன்னது. அவர் அதற்கு முன்பே, 2021 ஜூலை 5ஆம் தேதி, 84 வயதில், ஜாமீன் கிடைக்காமலே இறந்துபோயிருந்தார். தேசியப் புலனாய்வு முகமை அந்த அறிக்கைகளை ஏற்கவில்லை. யார் திணித்தது என்பதும் நீதிமன்றத்தில் நிலைநாட்டப்படவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: உள்ளே போக ஒரு வழி இருந்தால் அந்த வழியாக எடுக்கவும் முடியும், வைக்கவும் முடியும். வீட்டுக்குள் கஞ்சாப் பொட்டலம் வைத்துக் கேஸ் போடுவது எப்படி என்று நம்ம பையன்களுக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

ஒரு தோழர் கேட்டார்: 'சாதி வெறியனும் அதே பூட்டத்தானே வச்சிருக்கான்? அவன் வாட்ஸ்அப்ல ஆள் சேத்துக் குடிசையக் கொளுத்துனா?' நல்ல கேள்வி. இதற்கு நம் அனுபவம்தான் பதில். கீழ்வெண்மணியில் 44 பேர் எரிந்தபோதும், மேலவளவில் பட்டப்பகலில் பஸ்ஸை நிறுத்தி முருகேசனை வெட்டியபோதும், 2012ல் தர்மபுரியில் மூன்று ஊர் எரிந்தபோதும் ரகசியம் என்று எதுவும் இல்லை. சாதி வெறியன் மீசையை முறுக்கிப் பெயர் போட்டே வீடியோ விடுகிறான். பூட்டைத் திறக்க முடியாமல் எந்தப் போலீஸ் நிலையத்திலும் வன்கொடுமை வழக்கு நிற்கவில்லை. முதல் தகவல் அறிக்கையே போடாமல்தான் நிற்கிறது. கடமையைச் செய்யாத அதிகாரியைத் தண்டிக்க அந்தச் சட்டத்தில் 4ஆம் பிரிவு இருக்கிறது. அதைத் தூசு தட்டி எடுக்காதவன் நமக்காகச் சாவி கேட்கிறேன் என்றால் நம்ப வேண்டியதில்லை.

பூட்டு மட்டும் போதாது என்பதும் உண்மைதான். செல்போனையே பிடுங்கிக்கொண்டு போனால், பாஸ்வேர்டைச் சொல்லுடா என்று அடித்தால், எந்தக் கணக்கும் காப்பாற்றாது. பாஸ்வேர்டைக் கொடுப்பது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்வதாகாது என்றது 2021ல் கர்நாடக உயர் நீதிமன்றம். கட்டாயப்படுத்த முடியாது என்றது 2022ல் டெல்லியின் தனி நீதிமன்றம். சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்ற விதி 2024 ஜூலை 1 முதல் சட்டத்தில் இருக்கிறது. கேட்டு வாங்கப் பழக வேண்டும். நீதிபதி கையெழுத்தில்லாமல் செல்போனைத் தொடாதே, எடுத்தால் அந்த இடத்திலேயே நகலும் ஹாஷ் எண்ணும் கொடு, வழக்குக்குச் சம்பந்தமில்லாததைப் படிக்காதே. நம் இயக்கங்களின் தீர்மானங்களில் கூலிக்கும் நிலத்துக்கும் பக்கத்தில் இவையும் ஏற வேண்டும். புதிதாக எதையும் நாம் கேட்கவில்லை. 1947ல் கேட்டதைத்தான் திரும்பக் கேட்கிறோம்.